மாலத்தீவில் வாத்தியார் வேலை: வெள்ளி, சனி இரண்டு நாளும் என்ன செய்கிறீர்கள்?

பா_தீவு_வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விருதுநகர் பக்கம், கரிசல்காட்டு ஊர். பா அடோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். இது நான்காவது வருடம்.

சம்பளம், விசா, அட்டஸ்டேஷன், மெடிக்கல் பற்றியெல்லாம் இங்கே நிறைய இழைகள் இருக்கின்றன. இங்கே வார விடுமுறையான வெள்ளி, சனியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. போன மாதம் பக்கத்துத் தீவில் சேர்ந்திருந்த நம்ம ஊர்ப் பையன் ஒருவர் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பள்ளியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. "சார், வியாழக்கிழமை மத்தியானம் பெல் அடிச்சாலே நெஞ்சு அடைக்குது" என்று போனில் சொன்னார். அது மனதிலேயே கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தீவை முழுதாகச் சுற்றி நடக்க 25 நிமிடம் போதும். வாரநாள் எப்படியோ ஓடிவிடும். காலை 7 மணிக்கெல்லாம் வகுப்பு, மத்தியானம் சமையல், சாயங்காலம் கூடுதல் வகுப்பு. வெள்ளிக்கிழமைதான் சோதனை. ஊர் ஜும்மாவுக்குப் போய்விடும், கடைகள் அடைத்திருக்கும், தெருவில் ஒரு ஆளைப் பார்க்க முடியாது. அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், கையில் போன். ஊரில் இருப்பவர்களுக்கு அன்றைக்கு வேலைநாள் என்பதால் யாரும் நிதானமாகப் பேசவும் மாட்டார்கள். என் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் போனது.

இரண்டாவது வருடம் என் வகுப்பில் படித்த ஒரு பையனின் அப்பா, மீன்பிடிப்பவர், வழியில் என்னைப் பார்த்துக் கடலுக்கு வருகிறீர்களா என்று கேட்டார். மறுக்கத் தோன்றவில்லை, போனேன். நான் கிணற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவன்தான். ஆனால் கடலில் முகத்தை முக்கிக்கொண்டு வாயால் மூச்சு விடுவது வேறு வித்தை. அதைக் கற்றுக்கொடுத்தது அந்த ஏழாம் வகுப்புப் பையன். "கண்ணாடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்ச்சுக் கழுவுங்க சார், ஆவி படியாது" என்றான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலை உதைக்காதீர்கள், சும்மா மிதந்து வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். இடுப்பளவு தண்ணீரில் பவளப் பாறைக்கு மேலாகவே மெதுவாகப் போனோம். திடீரென்று பாறை முடிந்தது. கீழே தரையே இல்லை, கருநீலம் மட்டும். துலாக்கல்லில் நின்று பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல அடிவயிறு சில்லிட்டது. அவன் பிடித்த பிடியை விடவில்லை.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். திங்கட்கிழமை அந்தப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தபோது என் பொறுமையே வேறாக இருந்தது.

நான் சொல்வது இதுதான். வெள்ளி, சனி இரண்டு நாளும் அறையில் அடைந்து கிடக்காதீர்கள். படகு ஏறுங்கள். அடுத்த தீவாக இருந்தாலும் சரி. நீங்கள் எங்கே போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

---

தருமபுரி_இயற்பியல்

சார், உங்கள் பதிவை மதிக்கிறேன். ஆனால் எல்லோராலும் இது முடியாது. நான் ரா அடோலில் இருக்கிறேன், ஒன்றரை வருடம் ஆகிறது. ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கிய பணத்தை அடைக்கவே முதல் எட்டு மாதச் சம்பளம் போய்விட்டது. சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வாங்கியது வேறு. வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது.

டாலர் சங்கதி உங்களுக்கே தெரியும். அரசு விலை ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அந்த விலைக்கு நமக்கு வேண்டிய அளவு டாலர் பேங்கில் கிடைப்பதில்லை. வெளியே வாங்கினால் கூடக் கொடுக்க வேண்டும். கையில் வரும் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. இதில் ஸ்பீட்போட்டுக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் எங்கே போவது?

வெள்ளிக்கிழமை நான் ஒரு வாரத்துக்கான குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். நோட்டுத் திருத்துவேன். சாயங்காலம் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுவேன். தனிமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகத்தானே சம்பளம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

---

பா_தீவு_வாத்தியார்

தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். கடன் முதலில் அடையட்டும். ஏஜெண்ட் விஷயத்தில் பட்டவர்கள் நம்மில் பலர்.

ஆனால் நான் கெஸ்ட் ஹவுஸைப் பற்றிப் பேசவே இல்லை. மீன்பிடிக்கப் போனதற்கு எனக்கு ஒரு ருஃபியா செலவில்லை. திரும்பும்போது இரண்டு சூரை மீனும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அரசுப் படகில் பக்கத்துத் தீவுக்குச் சில பத்து ருஃபியாதான் டிக்கெட். பல தடங்களில் வெள்ளிக்கிழமை அது ஓடாது, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வியாழன் மத்தியானம் போய் சனிக்கிழமை திரும்புவது போலப் பார்க்க வேண்டும். அடோலுக்கு அடோல் நேரம் மாறும், ஜெட்டியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி, ஊர்க்காரர்கள் எதற்காகப் படகு எடுக்கிறார்கள் என்று காது கொடுப்பது. ஃபுட்பால் போட்டி, கல்யாணம், உறவினர் வீட்டு விசேஷம், மணல்திட்டில் மீன் சுட்டுச் சாப்பிடுவது என்று ஏதாவது ஒன்றுக்கு வாரம் தவறாமல் ஒரு படகு கிளம்பும். நாமாகக் கேட்கக் கூச்சப்படுவோம். வெளியூர் ஆசிரியருக்கு இதெல்லாம் பிடிக்காதோ என்று அவர்களும் கூப்பிடத் தயங்குவார்கள். ஒருமுறை போய்விட்டால் பிறகு அவர்களே வாசலில் வந்து கூப்பிடுவார்கள்.

---

குமரிக்காரி

நான் தெற்கே அட்டு அடோலில் இருக்கிறேன், ஆங்கிலம் எடுக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்தும் யாராவது எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே எங்களுக்கு ஒரு வசதி உண்டு. கான், ஃபேதூ, மரதூ, ஹித்ததூ தீவுகளை ஒரே சாலை இணைக்கிறது. படகே வேண்டாம். சைக்கிள் போதும். வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் நானும் கோட்டயத்து டீச்சர் ஒருவரும் கிளம்பிவிடுவோம். ஒரு பக்கம் அமைதியான காயல் போல உள்கடல், இன்னொரு பக்கம் அலை அடிக்கும் வெளிக்கடல், நடுவில் சாலை. கானில் பிரிட்டிஷ் விமானப்படை 1976 வரை இருந்தது. அவர்கள் கட்டிய பழைய கட்டடங்களும் போர் நினைவுச் சின்னமும் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கானில் வேலை பார்த்த தாத்தாக்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் எனக்கே ஆசையாக இருக்கும்.

மாலத்தீவிலேயே அட்டுவில் மட்டும் காணக் கிடைக்கும் பறவை ஒன்று உண்டு, தொந்தீனி என்பார்கள். தூய வெள்ளை ஆலா. அது கூடு கட்டாது. வெறும் கிளையில், ஒரு சின்னப் பள்ளத்தில், ஒரே ஒரு முட்டை. எங்கள் வீட்டுப் பின்புறச் சீமைப்பலாவில் போன வருடம் ஒன்று இட்டது. காற்று அடித்த நாளெல்லாம் நான் வகுப்பிலிருந்து ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பேன். ஒருநாள் முட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சுருண்டை போல ஒரு குஞ்சு கிளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அம்மா என்னை விசாரிப்பதற்கு முன்னால் குஞ்சைத்தான் விசாரிப்பார்கள்.

பெண்கள் தனியாக வெளியே போனால் பேச்சு வருமோ என்று எனக்கும் முதலில் பயம்தான். அதை உடைத்தது பஷி. இது இங்கே பெண்கள் ஆடும் ஆட்டம். டென்னிஸ் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வலைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் அடிக்க வேண்டும். எதிர்ப் பக்கம் நிற்கும் பெண்கள் அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். பந்து வரும் வேகத்தில் உள்ளங்கை எரியும். என் மாணவியின் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இப்போது மாலை நேரங்களில் நான் போகவில்லை என்றால் ஆள் விட்டு அனுப்புகிறார்கள். தங்கச்சிமார் யாராவது தீவுக்குப் புதிதாக வந்தால், முதலில் பஷி எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்.

---

முத்துநகர்_பழையவர்

பிள்ளைகளா, நான் தூத்துக்குடி. 1994 முதல் 2002 வரை வடக்கே ஹா அலிஃப் அடோலில் ஒரு தீவில் படிப்பித்தேன். இப்போது ஓய்வு. பேரன்தான் இந்த இழையைப் படித்துக் காட்டினான்.

எங்கள் ஊர் துறைமுகத்திலிருந்து தோணிகள் காலங்காலமாக மாலேவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. அங்கேயும் படகுக்குத் தோணி என்றே பேர். போன புதிதில் ஜெட்டியில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. முருங்கை அங்கே முரங்கா. நம் மாசிக் கருவாடு அங்கிருந்து வருவதுதான். சூரையை அவித்து, புகையில் இட்டு, கட்டை போல ஆகும்வரை வெயிலில் காய வைப்பார்கள். ஹிக்கிமஸ் என்பது அவர்கள் பேர்.

இன்னொன்று. அவர்களிடம் நகைய் என்று ஒரு கணக்கு உண்டு. வருடத்தை 27 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று, பதினான்கு நாள். எப்போது காற்று, எப்போது மழை, எந்த மாதம் எந்த மீன் என்பதெல்லாம் அதில்தான். அஸ்ஸித, புருணு, கெத்தி, ரோனு என்று ஒரு பெரியவர் விரல் மடக்கிச் சொன்னார். நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி! வயது போன மீனவர், பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, என் ஆச்சி சொன்ன அதே வரிசையைச் சொல்கிறார். அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, 27-ஐயும் முடித்தோம்.

தருமபுரித் தம்பிக்கு ஒரு வார்த்தை. நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். மூன்று பெண்கள், ஒரு ரூபாயைக்கூட வீணாக்கவில்லை. பணம் சேர்ந்தது, கல்யாணங்கள் நடந்தன, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் தீவுக்குப் பக்கத்தில்தான் உதீமு. 1573-ல் போர்ச்சுக்கீசியரை விரட்டிய முஹம்மது தகுருஃபானு பிறந்த ஊர். அவர் வாழ்ந்த மர வீட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எட்டு வருடம் ஓட்டினேன். போகவே இல்லை. காசு மிச்சம் என்று நினைத்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நீ அப்படி விட்டுவிடாதே.

---

மட்டுநகரான்

ஐயா எழுதினதை வாசிச்சு மனம் நெகிழ்ந்து போச்சு. நான் மட்டக்களப்பு, மாலேயில் படிப்பிக்கிறேன். தலைநகரில் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். இங்கே குறை வேறு மாதிரி. அறை சின்னது, வாடகை பெரியது, தெரு முழுக்க மோட்டார் சைக்கிள்.

நான் வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாலத்தால் ஹுல்ஹுமாலே கடற்கரைக்குப் போவேன். 2018-ல் பாலம் திறந்த பிறகு அது பெரிய ஆறுதல், அதற்கு முதல் படகுதான். மாலேயிலேயே 1658-ல் கட்டின பழைய ஜும்மா பள்ளிவாசல் இருக்கு. பவளக் கல்லைச் செதுக்கி, சாந்தே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி எழுப்பின சுவர். கல்லில் மரவேலை மாதிரி நுணுக்கம். வெளியில் நின்று பார்த்தாலே ஒரு மணித்தியாலம் போகும். சனிக்கிழமை பின்னேரம் மீன் சந்தை. சூரையை வெட்டுகிறவர்களின் கைவேகத்தைப் பார்க்கவே போகலாம். ஒரு முழு மீன், நாலைந்து வெட்டு, முள் தனியாக வந்துவிடும்.

சிங்களம் கொஞ்சம் தெரிந்த எங்கட ஆட்களுக்கு இங்கத்தைய மொழி திவேஹி லேசு. நாலுக்கு அங்கே ஹதர, இங்கே ஹதரேஹ். எண் தெரிந்தால் சந்தையில் கதைக்கலாம். கதைத்தால் சினேகிதம் தானாக வரும்.

---

புதுசா_வர்றேன்

வணக்கம். எனக்கு இப்போதுதான் ஆஃபர் வந்திருக்கிறது, உயிரியல். பா அடோல் என்று சொல்கிறார்கள். நான் சைவம், நீச்சலும் தெரியாது. சாமி படம் எடுத்து வரலாமா? காய்கறி கிடைக்குமா? ஹனிஃபாரு பற்றி நிறையக் கேள்விப்படுகிறேன், ஆசிரியர்களால் போக முடியுமா?

---

பா_தீவு_வாத்தியார்

வாங்க சார், வாழ்த்துகள்.

சைவம் சிரமம்தான், முடியாதது இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, பருப்பு எல்லாம் இந்தியாவிலிருந்து வருகின்றன. 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி ஒவ்வொரு வருடமும் இவ்வளவு என்று ஒதுக்கி அனுப்புகிறார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் நாமக்கல் முட்டையே கிடைக்கும். பச்சைக் காய்கறி மாலேயிலிருந்து சரக்குப் படகு வரும் அன்றைக்குத்தான். கடலில் காற்று இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். முருங்கைக்கீரை கேட்டால் யார் வீட்டிலும் பறித்துக்கொள்ளச் சொல்வார்கள். புளி, மிளகாய்த்தூள், பெருங்காயம் ஊரிலிருந்து எடுத்து வாருங்கள்.

சாமி விஷயம் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சிலை கொண்டுவரச் சுங்கத்தில் தடை. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. வேறு மதத்தைப் பொதுவில் வழிபட இந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். ரமலான் மாதத்தில் பகலில் வெளியே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. இரவில் அழைத்துச் சாப்பாடு போட்டே திணறடித்துவிடுவார்கள்.

ஹனிஃபாரு பற்றிக் கேட்டீர்கள். நானும் இரண்டு வருடம் இங்கேயே இருந்துகொண்டு போகாமல் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பா அடோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாரு அதில் ஒரு சின்ன வளைகுடா. ஜூன் முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரோட்டம் மிதவை உயிரிகளை அடித்துக்கொண்டு வருகிறது. வளைகுடா புனல் மாதிரி இருப்பதால் அவை உள்ளே வந்து சிக்கிக்கொள்ளும். அதைத் தின்னத்தான் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றவற்றம் பலமாக இருக்கும்போது வாய்ப்பு அதிகம். தரவந்தூ தீவிலிருந்து படகில் சில நிமிடம்தான். உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போகலாம். சிலிண்டர் கட்டி முங்க அனுமதி இல்லை, மேலே மிதந்து பார்க்கத்தான். ஒரு குழுவுக்கு 45 நிமிடம். தொடக்கூடாது, துரத்தக்கூடாது. இந்த விதிகளை எங்கள் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்.

நான் போன அன்று தண்ணீர் கலங்கலாக, கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. ஏமாற்றமாக நினைத்தேன். வழிகாட்டி அந்தக் கலங்கல்தான் இரை என்றார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு கறுப்புப் பாய் விரிந்து வந்தது. இறக்கை மூன்று மீட்டருக்குக் குறையாது. வாயை அகலத் திறந்துகொண்டு நேரே என் முகத்துக்கு வந்து, ஒரு முழம் இருக்கும்போது வயிற்றைக் காட்டிப் புரண்டு திரும்பிவிட்டது. வெள்ளை வயிற்றில் மை சிந்தியது போலப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் இன்னது என்று அடையாளம் காண்கிறார்களாம். பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் ஒன்று, எண்ணினேன், பதினொன்று வரை. நீங்கள் உயிரியல் வேறு. கட்டாயம் போங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆழத்துக்குப் போகவே கூடாது. இரண்டு தீவுக்கு நடுவே கடல் புகும் வாய்க்காலைக் கந்து என்பார்கள். மேலே பார்க்கச் சாதுவாக இருக்கும், நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் காலை வைக்காதீர்கள். முதல் மூன்று மாதம் கரையோரத்தில், பிள்ளைகளோடு மட்டும்.

---

தருமபுரி_இயற்பியல்

ஐயாவின் பதிவைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமை போனேன்.

எங்கள் பள்ளி வாட்ச்மேனின் தம்பி மீன்படகில் வேலை பார்க்கிறார். விடியும் முன் கிளம்பினோம். முதலில் விளக்கு வைத்துச் சின்ன மீன் பிடித்து உயிரோடு படகுக்குள்ளேயே தண்ணீரில் வைத்துக்கொண்டார்கள். பறவைக்கூட்டம் தெரிந்த இடத்தில் அதை வீசினார்கள். படகின் பின்பக்கத்திலிருந்து கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மழைத்தூறல் போல விழும் தண்ணீரில் கீழே உள்ள மீனுக்கு ஆள் தெரியாது, சின்ன மீன் துள்ளுகிறது என்று நினைத்து மேலே வரும். அப்புறம் தூண்டில் கழியோடு வரிசையாக நின்று ஆளுக்கு ஒன்று ஒன்றாக இழுத்துப் பின்னால் வீசுகிறார்கள். கொக்கியில் முள் கிடையாது, தளர்ந்ததும் மீன் தானாகக் கழன்று விழுகிறது. நான் ஒன்றே ஒன்று இழுத்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்தாம் வகுப்பில் நெம்புகோல் பாடம். கரும்பலகையில் அந்தக் கழியை வரைந்தேன். எப்போதும் பின் பெஞ்சில் படுத்திருக்கும் பையன் எழுந்து வந்து, "சார், கை இங்க இல்ல, இங்க" என்று திருத்தினான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன்பிடிக்கிறார்களாம். ஒன்றரை வருடமாக அவன் குரலையே நான் கேட்டதில்லை.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். "இத்தனை நாள் ஏண்டா போகல" என்று கேட்டார்கள்.

பா சார், அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் பக்கம் வர நினைக்கிறேன். இங்கேயிருந்து இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம், தரையில் பாய் இருந்தால் போதும்.

---

பா_தீவு_வாத்தியார்

தாராளமாக வாருங்கள் தம்பி. பாய் நாலு இருக்கிறது, தலையணை ஒன்று குறையும். வியாழன் பள்ளி விட்டதும் கிளம்பும் படகைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம், நேரத்தை நான் ஜெட்டியில் கேட்டுத் தனிமடலில் சொல்கிறேன். மாஸ்க் என்னிடம் இரண்டு, அந்தப் பையன் வீட்டில் இரண்டு. லைஃப் ஜாக்கெட் பள்ளியில் கேட்டு வாங்கி வைக்கிறேன். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை கொண்டு வாருங்கள். முடிந்தால் உங்கள் வீட்டு மிளகாய்த்தூள் கொஞ்சம், இங்கே தீர்ந்துவிட்டது.

முத்துநகர் ஐயா, உதீமுவுக்குப் போகிற ஒரு டீச்சரைத் தெரியும். அடுத்த மாதம் அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் பேரன் போனுக்கு வீடியோ கால் போடச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருங்கள்.